பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள்

இரண்டாயிரத்துகளின் நடுவில், குவைத்தின் அப்பாசியாவில் ஓர் இந்தியப் பள்ளியில் நான் நூலகராக இருந்தேன். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். ஏதாவது ஒரு புத்தகத்தைப் பற்றிப் பெற்றோர் யாராவது முதல்வரிடம் குறை சொன்னால், அன்று மதியமே அது அவர் அறை அலமாரிக்குள் போய்விடும். பிள்ளைகள் கேட்டால் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும். குறை சொன்னது யார், என்ன குறை என்பதெல்லாம் எனக்கே தெரியாது. போன வாரம் வந்திறங்கிய புதுப் புத்தகம்கூடப் பைண்டிங்குக்குப் போகும். அந்தப் பிள்ளைகள் காதில் பூச்சுற்ற முடியுமா? என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். எனக்கு மானம் போகும்.

ஒரு வருடம் அப்படிப் போகவிருந்தது ஒரு மெல்லிய ஆங்கிலக் கதைப்புத்தகம். அம்மா வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறாள். மகள் சித்தி வீட்டில் வளர்கிறாள். அம்மா திரும்பி வரும்போது அந்தப் பெண் அவளிடம் போக மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான் கதை. ஐந்தாம் வகுப்பில் அதற்கு அடிதடி. அந்த வகுப்பில் பாதிப் பேர் நர்ஸ் வீட்டுப் பிள்ளைகள்.

இந்த முறை நான் முதல்வரிடம் மல்லுக்கு நின்றேன். புத்தகத்தை எடுப்பதானால் எடுங்கள், பொய் சொல்ல என்னால் ஆகாது என்றேன். ஒரு பெற்றோருக்கு இந்தப் புத்தகத்தில் ஆட்சேபம் இருக்கிறது, புதன்கிழமை பள்ளி விட்டதும் நூலகத்தில் பேசி முடிவெடுப்போம், யாரும் வரலாம் என்று எழுதிப் பலகையில் ஒட்டுகிறேன், பெயர் போட மாட்டேன் என்றும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான். மேலிடத்திலிருந்து கேள்வி வந்துவிடுமோ என்ற பயம் மட்டும் அவரை விடாது. கடைசியில், சரி ஆகட்டும் என்று அரபியில் அலுத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

"யல்லா, ஒட்டுங்க மேடம். தலைவலி வந்தா அது உங்களோடது."

தலைவலி மறுநாளே வந்தது. நைட் டியூட்டி முடித்த சிவந்த கண்களோடு ஓர் அம்மா நூலகத்துக்கு வந்தார். நர்ஸ். பெற்ற மகளையும் 'மக்களே' என்று கூப்பிடும் எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் என்று பேச்சைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. குறை சொன்னது தான்தான் என்றார். அவர் மகள் ஏழு வயது வரை ஊரில் சித்தியிடம் வளர்ந்தவள். அந்தப் புத்தகத்தைப் படித்த நாளிலிருந்து அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். முதல்வரிடம் சொன்னதை உங்கள் மகளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். என் பிடிவாதத்துக்கு ஒரு தாயைப் பலர் முன்னால் நிறுத்துகிறேனோ என்று அன்று முழுக்க யோசித்தேன். ஆனாலும் ஒட்டியதைக் கிழிக்கவில்லை.

புதன்கிழமை நாற்காலி போதவில்லை. பெற்றோரோடு பிள்ளைகளும் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மளிகைக் கடை வைத்திருந்த ஓர் அப்பா, புத்தகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அதற்கு ஆதரவாக வெகு நேரம் பேசினார். இன்னொருவர் எல்லாக் கதைப்புத்தகங்களையும் தூக்கிவிட்டுக் கணக்குப் புத்தகம் வாங்கச் சொன்னார். அப்போதுதான் அந்த நர்ஸ் யூனிஃபார்மோடு உள்ளே வந்தார். உட்காரவில்லை.

"குறை சொன்னது நான்தான். புத்தகம் மோசமில்ல. ஆனா அந்த அம்மா எதுக்குப் போனா, என்ன பாடு பட்டான்னு அதுல ஒரு வரி இல்லியே. பால்குடி மறக்காத பிள்ளையக் குடுத்துட்டுத்தான் நானும் பிளேன் ஏறினேன். டியூட்டில மாருல பால் கட்டிப் போயி, பாத்ரூம்ல நின்னு அழுதிருக்கேன். அத யாரு எழுதுவா?"

அங்கிருந்த நர்ஸ்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். புத்தகம் இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று கடைசியில் அவரே சொன்னார். முதல்வர் தலையசைத்தார். கூட்டம் கலைந்தது.

அவர் மகள் மட்டும் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மம்மி, இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கல்லியே, மக்களே."

"இப்ப கேக்கறேன்ல."

அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, யூனிஃபார்ம் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல், மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். நூலகத்தைப் பூட்டும் நேரம் ஆகியிருந்தது. நான் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு, மனது நிறைந்து, டீ குடிக்கப் போனேன்.