கம்பளியைக் கழுவியது நான்தான்

ஜூன் 14, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் ஐந்து மணிக்கு எழுந்தேன். கார்போலிக் சோப்புப் போட்டுக் குளித்தேன். ஐந்தே முக்காலுக்குத் தேநீர். ஆறு மணிக்கு, காலை ஆள்கணக்கான பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு மேளச் சத்தம். ஆறரைக்குத் தோட்டத்து ஆபீசைத் திறந்தேன். வெளியே மழை — ஜூன் மாதத்தில் ஹட்டன் பக்கம் வேறென்ன இருக்கும்?

ஏழு மணிக்கு லொறி வந்து நின்றது. கொழுந்தெடுக்கும் செல்லம்மாவைக் காய்ச்சலோடு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். புருஷன் இல்லாதவள். அவளுக்கென்று இருப்பது ராணி என்ற ஓர் எருமை. அந்தப் பாலில்தான் அவள் மகள் ஹட்டனில் தங்கிப் படிக்கிறாள். என் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால்தான் தொழுவம்.

"ஐயா, ராணிய பாத்துக்கங்க. பேச்சியக் கறக்கச் சொல்லுங்க. என் கம்பளிய மறக்காமப் போட்டுக்கச் சொல்லுங்க..."

"நீ போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

போன வாரம் இதே பத்திரிகைப் பத்தியில் இறம்பொடை வாசகர் ஒருவரின் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதியிருந்தேன். ஞாபகம் இருக்கிறதா? எருமை முட்டுமா? — காட்டில் திரிவது முட்டும். வீட்டில் வளர்ந்தது, சீண்டாவிட்டால் சும்மா இருக்கும். மலைக் குளிரைத் தாங்குமா? — முதுகில் சாக்குப் போட்டு, தொழுவத்தை ஈரமில்லாமல் வைத்திருந்தால் தாங்கும். யார் கறந்தாலும் பால் தருமா? — தரும், எல்லாம் பழக்கம்தான்.

அந்த மூன்றாவது பதிலை எந்தத் தைரியத்தில் எழுதினேனோ!

கம்பளியை எடுத்துப் பார்த்தேன். மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வது. சாணம், கொழுந்துக் கறை, வியர்வை. போதாததற்குக் காய்ச்சல்காரி போர்த்தியது. பேச்சிக்கும் ஒட்டிக்கொண்டால்? வெந்நீரில் ஊறவைத்து, நானே இரண்டு தடவை சோப்புத் தேய்த்துக் கழுவி, அடுப்புக்கு மேலே காயப்போட்டேன். நல்ல காரியம் செய்த திருப்தி வேறு...

மாலை நாலரைக்குப் பேச்சி வந்தாள். தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் செல்லம்மாவுக்குப் பக்கத்துக் காம்பறாக்காரி. கம்பளியைப் போட்டுக்கொண்டு குந்தினாள். ராணி மோந்து பார்த்தது. இரண்டடி பின்னால் போனது. அடுத்த நிமிஷம் வாளி ஒரு பக்கம், பேச்சி ஒரு பக்கம்.

"என்னங்கய்யா இது, ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது?"

"கழுவினேன்."

"கழுவுனீங்களா! அது செல்லம்மா வாசத்துக்குத்தானுங்க பால் குடுக்குது! அப்படியே ராணிக்கும் மூஞ்சி கழுவி பவுடர் போட்டு விட்டிருக்கலாமே!"



புதன் காலையும் அதே உதை. மடி கல்லாக இறுகிவிட்டது, தொட்டால் சூடு. கன்று போன மாதமே செத்துப்போனதால் குடித்துவிடவும் ஆளில்லை.

"இன்னிக்கும் கறக்கலேன்னா மடி கெட்டுரும்ங்க. அப்புறம் இது சும்மா புல்லு திங்கிற மாடுதான்" என்றாள் பேச்சி.

செல்லம்மா திரும்பி வந்து கேட்டால் என்ன சொல்வது? சுத்தமாக வைத்திருந்தேன் என்றா?

தோட்டத்துத் துரையிடம் அரை நாள் லீவு கேட்டு டிக்கோயா பஸ் ஏறினேன். வார்டில் செல்லம்மா அரைக்கண் திறந்தாள்.

"ராணி கறக்குதுங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை — அதுதான் தாங்க முடியவில்லை. வரும்போது உடுத்தியிருந்த சேலையைத் தலைமாட்டிலிருந்து இழுத்துக் கொடுத்தாள்.

"இதக் கழுவிராதீங்கய்யா."

பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் அந்தச் சேலையை மடியில் அணைத்து வைத்திருந்தேன். காய்ச்சல் ஒட்டும் என்ற பயம் அப்போது எங்கே போனதோ!

மாலையில் பேச்சி அதைச் சுற்றிக்கொண்டு குந்தினாள். ராணி மோந்தது... நின்றது. மூன்று காம்பில் பால் வந்தது. நாலாவதில் ஒரு சொட்டும் இல்லை. பதறிப்போய்க் கிட்டே குனிந்தேன். ராணி காலைத் தூக்கியது.

"தள்ளி நில்லுங்கய்யா! ஒங்க மேலயும் அதே சோப்பு வாசந்தான்!"

ஆகவே, இறம்பொடை அன்பரே, மூன்றாவது பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள். யார் கறந்தாலும் தராது. செல்லம்மா சொன்னது கம்பளியைப் போட்டுக்கொள்ள. கழுவச் சொல்லவே இல்லை. சொன்னதை மட்டும் செய்வது சிலருக்கு எவ்வளவு கஷ்டம்!

வியாழன் காலை, முதல் வேலையாக, குளிக்காமல் தொழுவத்துக்குப் போனேன். நாலாவது காம்பிலும் பால் வந்தது.