என் பேரில் மட்டும் ஒரு மனை

இதை என் கணவரிடம்கூட நான் சொன்னதில்லை.

சங்கராபுரத்தில் நாங்கள் வாங்கிய மனை ஒரு பெண்ணின் பேரில் இருந்தது. கல்யாணத்தின்போது அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. ஆனால் விலை பேசியதெல்லாம் அவள் கணவர்தான். விலை குறைவு என்பதால் நாங்களும் உடனே ஒப்புக்கொண்டோம்.

பதிவு நாளன்று, பத்திரப்பதிவு அலுவலக வாசலில், ஆண்கள் டீ குடிக்கப் போனதும் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். வித்துட்டு கடை வைக்கணும்னு அவுரு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. இன்னா பண்றதுன்னே தெரியல. கையெழுத்து போடட்டுமாக்கா?"

மனை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயம்தான் எனக்கு முதலில் வந்தது.

"புருசன் பொண்டாட்டிக்குள்ள உன்னுது என்னுதுன்னு இன்னாம்மா இருக்குது? தைரியமா போடு," என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

உள்ளே பத்திரத்தைப் படித்துக் காட்டினார்கள். வாங்குபவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. நாளைக்கு எப்படியோ என்று, நான்தான் கணவரிடம் அடம்பிடித்து அப்படி எழுத வைத்திருந்தேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உங்க பேர்ல மட்டுமாக்கா?"

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். அவர்கள் கடை எப்படி நடக்கிறது என்று நான் யாரிடமும் விசாரித்ததில்லை. அது நன்றாகவே நடந்தாலும், அன்று அவள் என்னை நம்பிக் கேட்டபோது நான் எனக்காகத்தான் பதில் சொன்னேன்.