மலையேறாத கொசு

ஆம்பூரில் அமிர்தவள்ளியை அந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. கொசுக்காரம்மா, அவ்வளவுதான். கையில் டார்ச், தோளில் மருந்துப் பை. தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். "எங்க வீட்ல கொசுவே இல்லம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வரும். கூடவே கொசு பேட் படபடவென்று வெடிக்கும் சத்தமும் வரும்.

"இல்லாத கொசுவ இன்னாத்துக்கு அடிக்கிற? கதவத் தொற!"

அவள் பார்க்கிற நகராட்சிக் கொசு ஒழிப்பு வேலை நிரந்தரமில்லை, கோபம் மட்டும்தான் நிரந்தரம். கதவு திறக்காத வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுப்பதும் அவள்தான். ஆட்டோ கண்ணிலிருந்து மறையும்வரை திட்டிக்கொண்டிருப்பாள்.

அவளுடைய ஒரே மகள் பூங்குழலி, ஏலகிரி மலைமேல் ஒரு ஊரில் இந்தக் கோடையில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இந்த வருஷ மழை விட்டதும் அந்தத் தெருவில் டெங்கு வந்தது. பூங்குழலி படுத்தாள், அவள் புருஷன் பாண்டியன் படுத்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் படுத்தார்கள். எல்லாரும் எழுந்து உட்கார்ந்த பிறகு மாமியார் கெங்கம்மாள் போன் போட்டாள்.

"சம்பந்தி, எங்க மலையில இந்த ஜுரமே கெடையாது. உங்க பொண்ணு வந்தப்புறம்தான் வந்துக்கீது. தெருவே பேசுது. கொஞ்ச நாளைக்கு உங்க வீட்லயே இருக்கட்டும். வந்து கூட்டிக்கினு போங்க."

'கொஞ்ச நாள்' என்றால் என்னவென்று அமிர்தவள்ளிக்குத் தெரியும். எதிர்வீட்டு ஜாஸ்மின் அப்படிக் கொஞ்ச நாளைக்கு வந்தவள்தான். அவள் பிள்ளை இப்போது இங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறது.

ஜோலார்பேட்டையில் மலை பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்களுக்கு வயிறு புரண்டது, இவளுக்குச் சண்டை வசனம் புரண்டது. ஆயுதம் கையிலேயே இருந்தது. மலை ஒரு மாடி வீடு மாதிரி என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கீழ்வீட்டில் சாக்கடைக் கொசு. அதே தளத்தில், தொட்டியிலும் டிரம்மிலும் முட்டையிடுகிற டெங்குக் கொசு. அதன் முதுகில் வீணை மாதிரி வெள்ளைக் கோடு இருக்கும். மேலே ஏற ஏறக் குடித்தனம் மாறும். மரப்பொந்திலும் மூங்கில் வெட்டிலும் தேங்கிய தண்ணீரில் வளர்கிற கொசு, முதுகு நடுவே ஒற்றைக் கோடு. ஓடையோரம் வேறொன்று, பின்பக்கத்தைத் தூக்கி உட்காருகிற மலேரியாக் கொசு. குளிர் தாங்காத வீணைக்காரி அவ்வளவு உயரத்துக்கு வரமாட்டாள். ஒற்றைக்கோட்டுக்காரியும் டெங்கு பரப்புவாள். ஆக, குற்றவாளி மலைக்காரிதான்!

வாசலில் பூங்குழலியின் பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. மெலிந்துபோன மகள், "மா, சண்ட போடாத மா" என்றாள்.

"சண்டையா? நானா?" என்றபடி அமிர்தவள்ளி நேராக வாசலோரப் பலாமரத்துக்குப் போனாள். தெருவே பின்னால் வந்தது. பொந்துக்குள் டார்ச் அடித்தாள். தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்தன. புறங்கையில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. பட்டென்று அடித்து நீட்டினாள்.

"பாருங்க சம்பந்தி! ஒத்தக் கோடு. அசல் உங்க ஊர்க்காரி. இத வெச்சிக்கினு என் பொண்ணு மேல பழி போடறீங்களா?"

கெங்கம்மாள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "வெயில்ல நின்னது போதும், உள்ள வாங்க."

ஜெயித்த கையோடு அமிர்தவள்ளி சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள். முழங்கையில் சுருக்கென்றது. பழக்கதோஷம், அடித்துவிட்டுப் பார்த்தாள்.

முதுகில் வீணை.

மூலையில் நீல டிரம் நின்றது. தோல் பதனிடுகிற ஷாப்புக்கு மருந்து வந்த டிரம். ஆம்பூர்ப் பக்கம் சீர்வரிசையில் பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் இது இல்லாவிட்டால் பெண்ணுக்குக் கௌரவமில்லை. கடையில் புதுசு காகிதம் மாதிரி மெலிசாக இருக்கிறதே என்று, தன் வீட்டில் உழைத்த கெட்டி டிரம்மையே காயவைத்து, அலசி, ரிப்பன் கட்டி ஏற்றி அனுப்பியவள் அவள்தான். அலசினாள், தேய்க்கவில்லை. கொசு முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக் காய்ந்து மாசக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும், நாரால் அழுத்தித் தேய்த்தால்தான் போகும் என்று தெருத்தெருவாகக் கத்துகிறவளும் அவளேதான்.

அரைகுறையாகக் கிடந்த மூடியைத் தூக்கினாள். டார்ச் வெளிச்சத்துக்குப் பயந்து புழுக்கள் அடியை நோக்கிப் பாய்ந்தன. சமையலறையில் வேறு யாருமில்லை. ஒரு உதை விட்டால் தண்ணீர் கொல்லைக்கு ஓடிவிடும். தெருவுக்குக் காரணம் சொல்லப் பலாமரம் போதும்.

ஆனால் அடுத்த மழைக்கு இந்தச் சுவரில் மிச்சமிருப்பது பொரியும். படுக்கப்போவது இதே பூங்குழலி.

"பலாமரம் பொந்துல மண்ணக் கொட்டி அடைங்க, அது வேற கணக்கு!" என்று வாசலுக்கு வந்து கத்தினாள். "உங்களப் படுக்க வெச்சது ஊட்டுக்குள்ள கீது. எங்க ஊரு கொசு. ரெக்கையால ஏறல, என் டிரம்ல குந்திக்கினு வந்துக்கீது. தேய்க்காம அனுப்பிச்சது நானு."

கெங்கம்மாள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்ப நான் சொன்னது சரிதான?"

"இன்னா சரி? டிரம் என்துதான். ஒழுங்கா மூடாம, காலி பண்ணாம, மேல மேல ஊத்திக்கினே இருந்தது யாரு? வாசல்ல உன் டிரம் இன்னொன்னு நிக்குதே, அதுக்கு மட்டும் கொம்பா? திட்டணும்னா என்னத் திட்டு. நாளெல்லாம் ஊரு வாயில உழுறவ நானு, இதுவும் உழட்டும். ஜுரத்துல கெடந்து எழுந்த பொண்ண வெளிய தள்றதுக்கு உனக்கு இன்னா நியாயம்?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை. தெரு மெதுவாகக் கலைந்தது. அவரவர் வீட்டு டிரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அமிர்தவள்ளி டிரம்மைக் கொல்லைக்கு உருட்டினாள், கவிழ்த்தாள். புடவையைத் தூக்கிச் செருகி, தலையை உள்ளே விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். உள்ளேயிருந்து திட்டு எதிரொலித்து வந்தது. கொசுவை, மழையை, டிரம்மை, பாதிக்கு மேல் தன்னையே. கெங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். பிறகு தன் டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்தாள். வாசலைக் கடக்கையில் அவள் கால் பூங்குழலியின் பையில் இடித்தது.

"நட வழியில இன்னாத்துக்கு இந்தப் பை? உள்ள வைம்மா," என்று எரிந்து விழுந்தாள். "வெச்சிட்டு நாரு எட்த்துனு வா."