பின்பக்கமாக மலையேறிய கார்

ஐம்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருவனந்தபுரம் பழவங்காடியிலிருந்து என் பழைய காரில் புறப்பட்டேன். வித்துரா இருபத்துநான்கு மைல். அங்கிருந்து அத்தான் வேலை பார்க்கும் தேயிலை எஸ்டேட்டுக்கு மலைப்பாதையில் பன்னிரண்டு மைல். நிறைமாதமாக இருந்த அக்காவை இருட்டுமுன் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். அவளுடைய முதல் குழந்தை, வண்டி கிடைக்காமல், மலையிலேயே போய்விட்டது.

பட்டணத்தை விட்டால் வழியில் எங்கும் பெட்ரோல் கிடைக்காது. என் காரின் டாங்கி மூன்று காலன்தான் பிடிக்கும். போய்த் திரும்பக் காணாது. தகர டின்னில் கொண்டுபோகலாம் என்றால், அந்த வாடையில் அக்கா வழிநெடுக வாந்தியெடுப்பாள். அதனால்தான் பழவங்காடியில் கார் ஷெட் வைத்திருந்த செல்லப்பன் மேஸ்திரியிடம், ஆஸ்பத்திரி அவசரம் என்று சொல்லி எட்டு காலன் டாங்கி கேட்டேன். நாற்பத்தைந்து ரூபாய். சாலைக் கடைத்தெருவில் தகடு வாங்கி, ஒரு சொட்டுக் கசியாமல் பற்றவைத்தார். எஞ்சினுக்கு மேலே பழைய டாங்கி இருந்த இடம் போதாது என்று, பின்சீட்டுக்குப் பின்னால் மாட்டினார். புறப்படும்போது பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைத்தார். மனுஷனைப் புகழ்ந்துகொண்டே வித்துராவைத் தாண்டினேன்.

எட்டரை மணிக்கு, மலைப்பாதையின் ஏழாவது மைலில், செங்குத்தான முதல் ஏற்றத்தில் வண்டி நின்றது. டாங்கியில் பெட்ரோல் தளும்புகிறது, எஞ்சினுக்கு ஒரு சொட்டு வரவில்லை. ஹாண்டிலைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றது. எதிரே இறங்கிய லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்தார்.

“சாரே, பெட்ரோல இழுக்கப் பம்பு இல்லாத்த வண்டியல்லே? ஏற்றத்தில பின்பக்கத்து டாங்கி தாழ்ந்துபோகும். பெட்ரோல் எப்படி மேல வரும்? திருப்பிட்டு ரிவர்ஸில ஏத்துங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல? முப்பது வருஷம் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்த மேஸ்திரிக்கு இது தெரியாதா? ஐந்து மைல், பதினோரு வளைவு, ஒரு பக்கம் பாதாளம். கழுத்தை முறுக்கியபடியே பின்னால் பின்னால் ஏறினேன். வளைவுக்கு ஒரு திட்டு திட்டினேன். அதெல்லாம் அச்சில் ஏறாது.

பன்னிரண்டு மணிக்கு எஸ்டேட். கொழுந்து பறித்தவர்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அக்காவுக்குக் காலையிலேயே வலி கண்டிருந்தது.

“ஏம்ல, வண்டி முதுகக் காட்டிக்கிட்டு வருது?”

“ஏறுக்கா. கதைய பொறவு சொல்லுகேன்.”

இறக்கத்தில் வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. மூன்றரைக்கு ஆஸ்பத்திரி, ஐந்து மணிக்குப் பெண் குழந்தை. அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாக மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போனேன்.

“மலைக்குப் போற வண்டிக்கு இப்படியா டாங்கி வைப்பீரு?”

“மலைக்குன்னு நீங்க பறையலையே, சாரே.”

“நீரு கேட்டீரா?”

நாக்கைக் கடித்துக்கொண்டார். “வழிக்கு எறங்குற ஆளுகிட்ட எங்க போறீங்கன்னு கேக்கலாமா? அதும் ஆஸ்பத்திரி காரியம். சகுனத்தடை ஆயிடாதா?”

அவர் கேட்டிருந்தால் நானே முகம் சுளித்து, இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பியிருப்பேன். அது உண்மை. ஆனாலும் என் கழுத்துக்கு யார் சமாதானம் சொல்வது? ஆத்திரம் ஆறவில்லை.

நாற்பத்தோராம் நாள், பம்பு மாட்டிய காரில் அக்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அதே ஷெட்டின் முன் நிறுத்தினேன். “எங்க போறேன்னு இப்பமாவது கேளும்” என்றேன். மேஸ்திரி குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. தேங்காய் எடுக்க உள்ளே போய்விட்டார்.