வெள்ளை அணுக்கள் ஏறும் வரை

நகரியில் பவர்லூம் ஓட்டும் ஸ்வர்ணலதாவுக்கு அக்குளில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சின்ன ஆபரேஷன்தான், அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம் என்று திருப்பதி டாக்டரம்மா சொன்னார். அவள் கணவன் ஏழுமலை குவைத்தில் டிரைவர். மூன்று வருடம் கழித்து ஒரு மாத லீவில் வரப்போகிறான். அவன் கூட இருக்கும்போதே செய்துகொள்ளலாம் என்று காத்திருந்தாள்.

அவன் விமானம் ஏறிய அன்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளை அணுக்கள் வெகுவாக இறங்கியிருந்தன.

“நீங்க சாப்பிடற மூட்டு வலி மாத்திரையாலதான் இருக்கும். அதை இப்போதைக்கு நிறுத்திடலாம்” என்றார் டாக்டரம்மா. “இந்த நிலைமையில கத்தி வெச்சா புண்ணுல சீழ் வெச்சிடும். அணுக்கள் ஏறட்டும். அதுவரைக்கும் சளி, இருமல் இருக்கிறவங்க யாரும் கிட்ட வரக் கூடாது. உங்களுக்கு ஜுரம் வந்தா உடனே இங்க வந்துடணும்.”

ஏழுமலை இருமிக்கொண்டே வந்து இறங்கினான். விஷயம் தெரிந்ததும் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் அக்கா செங்கம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

தினமும் சாயங்காலம் எதிர்ச் சுவரோரம் நின்று போன் செய்வான். அவள் ஜன்னலில் நிற்பாள். குவைத்தில் இருந்தபோதும் போன்தான். ஆனால் அவன் இவ்வளவு இளைத்திருப்பது அதில் தெரியவில்லை. ஓடிப்போய்த் தொட வேண்டும்போல் இருந்தது.

“இன்னா துன்ன?”

“இட்லி. உங்க அக்கா குடுத்தனுப்பிச்சிது. நீ இன்னும் இருமிக்கினே இருக்கியே, மாமா.”

“கொறஞ்சிக்கினு வருது.”

இருமல் லீவின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அது நின்ற பிறகும் டாக்டரம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தான். கை கழுவிவிட்டுக் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுடைய வீங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டான்.

“லீவு நீட்டிக்க முடியாதா?”

“கேட்டேன். மொதலாளி ஒத்துக்கல.”

அவன் போன பிறகுதான் அணுக்கள் போதுமான அளவு ஏறின. ஆபரேஷன் அன்று கூட வந்தவள் செங்கம்மா. “வீட்டுக்காரர் வரலையா?” என்று நர்ஸ் தெலுங்கில் கேட்டாள்.

“வந்துட்டுப் போய்ட்டாரு” என்றாள் ஸ்வர்ணலதா.

வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று முடிவு வந்தது. அன்று ஏழுமலை வீடியோ காலில் தையலைக் காட்டச் சொன்னான். காட்டினாள். அதற்குப் பிறகும் இருவருமே போனை வைக்கவில்லை.