கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் வீட்டில் ஜெபம் உண்டு, மந்திரித்த கயிறு கிடையாது. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலுதவி சொல்லித்தரும் ஒரு தொண்டு அமைப்புக்காக ரோஸி அக்காவோடு கிளம்பிவிடுவேன். அக்கா நர்ஸ். அன்றைக்குக் கள்ளிக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட அறையில் பெண்களுக்கு வகுப்பு. மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம், வெளியே தூறல்.

நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜோடி ஜோடியாக ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே சிரிப்பு. கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் தனியாக இருந்தாள். பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி, தலையிலிருந்து சொட்டச் சொட்ட ஈரம். மழையில் வந்திருப்பாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

நாடி இல்லை.

இடம் மாற்றிப் பார்த்தேன், அடுத்த கையைப் பார்த்தேன், கழுத்தில் விரலை வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தது, நம்புங்கள், துடிப்பே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, கெடைக்கலியா?"

"இரும்மா, பாக்குறேன்."

"சீக்கிரம் பாருக்கா. நேரமாயிடப் போவுது."

அதற்குள் வெளியே ஒரு ஆள் கத்திக்கொண்டு ஓடிவந்தார். "யம்மா, ஏரியில ஒரு பொண்ணு வுழுந்துட்சி! தூக்கியாந்து போட்டுகீறாங்க, வாங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவும் ஓடினோம். பெஞ்சைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

கரையில் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே போனால், பச்சைச் சேலை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. அவளேதான். அப்படியே நின்றுவிட்டேன். துணி துவைக்க வந்தவள் வழுக்கி விழுந்துவிட்டாளாம், பெயர் கன்னியம்மாவாம். "போயிட்சும்மா, உட்ரு," என்றார் ஒரு பெரியவர்.

"என்னடி பாத்துகினு நிக்கிற? உக்காரு, வாயில ஊது!" என்று அக்கா என்னைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

அந்தக் கை, அதே ஜில்லிப்பு. சற்று முன் நான் பிடித்துப் பார்த்த கை. ஆனாலும் ஊதினேன், அக்கா நெஞ்சை அழுத்தினார், நான் மறுபடி ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கூட்டத்தில் அழுகை ஆரம்பித்துவிட்டது. திடீரென்று வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது, இருமினாள். அக்கா அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்குடி, இருக்கு!" என்று அழுதேவிட்டார். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பிழைத்துக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் பார்க்கப் போனோம். என்னைத் தெரியவில்லை. "கிளாசா? இன்னா கிளாசு? நான் காலைலேர்ந்து ஏரியிலதானேக்கா இருந்தேன்," என்றாள். வகுப்பில் இருந்த பெண்களைக் கேட்டால், ஆமாம், ஈரச்சேலையோடு ஒருத்தி இருந்தாளே என்கிறார்கள்.

இதுவரைக்கும் ரோஸி அக்காவுக்கும் தெரியும். இனிமேல் சொல்வதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

அக்காவும் ஏறிக்கொண்டு ஆட்டோ கிளம்பியதும் கூட்டம் அதன் பின்னாலேயே போனது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்தபோது, ஏரிக்குள் முழங்கால் தண்ணீரில் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, ஆழத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். அவள் ஒரு கையைப் பக்கவாட்டில் தாழ நீட்டியிருந்தாள், குழந்தையைக் கைபிடித்து அழைத்துப் போகிற மாதிரி. பக்கத்தில் யாருமே இல்லை. இடுப்பளவு, கழுத்தளவு, அப்புறம் அவளும் இல்லை.

அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேரிடம் விசாரித்துவிட்டேன். அன்றைக்குக் குழந்தை எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் அவள் நடந்த இடத்தில் தண்ணீர் அசையவே இல்லை. அந்தக் கைக்குக் கீழேதான் சின்னச் சின்ன வளையங்கள் கிளம்பிக் கரை வரைக்கும் வந்துகொண்டிருந்தன.