நம்பர்காரர் போட்ட ஆறு கட்டம்

‘நம்பர்காரர்’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் சித்தி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது. வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுகிறவர். “எழுத்து முத்து முத்தா இருக்கும், ஆளுதான் ஒட்டடைக்குச்சி” என்றாள் சித்தி. வேறு பெயரும் இருந்தது, யாரும் கூப்பிட்டதில்லை. அவரே தங்கைக்கு மாப்பிள்ளையானார்.

தூரிகையைத் தொடுமுன் எத்தனை எழுத்து என்று எண்ணி, பென்சிலால் கட்டம் போட்டுக்கொள்வார். கட்டம் போட்டுவிட்டால் எழுத்து தானாக வந்து உட்காரும் என்பார்.

போன வருடம் அவர் ரத்தமே கெட்டுப்போனது. தம்பியின் ஸ்டெம் செல்லை எடுத்து இவருக்கு ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் கிருமி அண்டாத கண்ணாடி அறைக்குள் அவர், வெளியே நாங்கள், பேச்சு போனில்.

“முப்பது நாளைக்குள்ள பிளேட்லெட் தானா ஒரு லட்சத்தைத் தொடணும். தொட்டா தைரியமா இருக்கலாம்” என்றார் டாக்டர்.

அன்றே நம்பர்காரர் கண்ணாடியில் ஸ்கெட்ச் பேனாவால் ஆறு கட்டம் போட்டுவிட்டார். லட்சத்துக்கு ஆறு இலக்கம். எங்களுக்கு நேராகத் தெரிய, உள்ளிருந்து அன்றன்றைய பிளேட்லெட் எண்ணைத் திருப்பி எழுதுவார்.

பதினாறாம் நாள் வெள்ளை அணு ஏறியது. பிளேட்லெட் பதினெட்டாயிரத்திலேயே நின்றது. முதல் கட்டம் காலி.

“அண்ணி, என் தம்பி ஒம்பது மணிக்குத்தான் கண்ணு முழிப்பான். அவன் அணு மட்டும் விடியக்காலைல எந்திரிக்குமா?” என்றார் என்னிடம், ஸ்பீக்கர் போனில்.

பக்கத்தில் நின்ற தம்பி சிரித்தான். அப்புறம் மாடிப்படியில் போய் உட்கார்ந்தவன் வெகுநேரம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்துப் பிளேட்லெட் பை ஏற்றினார்கள். மறுநாள் நாற்பதாயிரம். “ஏறிடுச்சுக்கா!” என்று தங்கை என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“அது பையில வந்ததும்மா, அவரோடது இல்ல” என்றாள் நர்ஸ்.

நம்பர்காரர் அந்த எண்ணை எழுதவேயில்லை.

முப்பதாம் நாள் பன்னிரண்டாயிரம். எப்போதும் நின்றபடி பேசும் டாக்டர் அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பியின் அணு சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி ஏற்ற இவர் உடம்பு தாங்காது என்றார்.

“அஞ்சு கட்டத்தோட நிறுத்தியிருக்கணும், அண்ணி. ஆசைப்பட்டு ஒண்ணு கூடப் போட்டுட்டேன்” என்றார் போனில். முதல் கட்டத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

இப்போது வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறார். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பிளேட்லெட் பை ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.